எண்ணெய் விலை தெரியும், எரிக்கத் தெரியுமா?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோல், வாகனமோட்டும் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் 14 கிலோ கேஸ் தோம்பின் மானிய விலை 26 ரிங்கிட் 60 சென். இந்தக் கணக்கெல்லாம் நமக்கு மனப்பாடம். பினாங்கின் சூலியா சாலை டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது பேச்சு எண்ணெய் விலையாகத்தான் இருக்கும். நாடாளுமன்றத்திலும் அதே பேச்சு, நாளிதழிலும் அதே பேச்சு.

அப்படிக் காசு கொடுத்து வாங்கி வந்ததை எப்படி எரிக்கிறோம் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறைத் தொழிற்பேட்டையில் பாய்லர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். செம்பனை நார், செம்பனைக் கொட்டை ஓடு, பால்மரக் கட்டை, கறுப்பு எண்ணெய், கடைசியில் இயற்கை எரிவாயு என்று எல்லாமே என் கையால் எரிந்திருக்கின்றன. அப்பா, டத்தோ கெராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்கொயர் நிற்கும் இடத்தில் அன்று இருந்த ஈய உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றவர். தாத்தா துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரிக் கூடை சுமந்தவர். நெருப்பை நம்பிச் சோறு தின்ற குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன்: எரிபொருளின் விலையைக் குறைப்பதைவிட, அதை ஒழுங்காக எரிக்கக் கற்றுக்கொள்வது பெரிய சேமிப்பு. அந்த அறிவை ஊருக்கெல்லாம் கொண்டுபோக அரசும் மாநகர் மன்றமும் பள்ளிக்கூடமும் காசு செலவழிக்க வேண்டும்.

முப்பத்து மூன்றும் ஒன்பதும்

இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. ஒரு கிலோ கரிமம் போதிய காற்றோடு முழுமையாக எரிந்து கரியமில வாயுவாக மாறினால் ஏறத்தாழ 33 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதே ஒரு கிலோ, காற்றுப் பற்றாமல் பாதி வழியில் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் கிடைப்பது வெறும் 9 மெகாஜூல். பொருளும் விலையும் ஒன்றுதான். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பம் கைக்கு வராமலே போய்விடுகிறது. போனதும் சும்மா போகவில்லை, நச்சுக் காற்றாகப் போகிறது. கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தில் உயிர்க்காற்றைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்போடு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போவது இதனால்தான்.

பாய்லர் அறையில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மூன்று விஷயங்கள். எரிபொருளுக்குப் போதிய வெப்பம் வேண்டும், எரிந்து முடிக்கப் போதிய நேரம் வேண்டும், காற்றோடு நன்றாகக் கலக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் புகைபோக்கி அதை ஊருக்கே சொல்லிவிடும். காற்றைக் குறைத்தால் கறுப்புப் புகை வரும். பயந்துபோய்க் காற்றை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் புகை தெரியாது. ஆனால் உள்ளே சூடேறிய காற்று சும்மா வெளியே ஓடும். புகைபோக்கியில் போகும் காற்றின் வெப்பம் சுமார் 20 டிகிரி கூடினால், நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் வானத்துக்குப் போகிறது என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. குழாய்களில் படியும் கரித்தூளும் அப்படித்தான். அது வெப்பத்தைக் கடத்தாது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் விட்டால் தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு கூரைக்கு மேலே போகும்.

ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 1888இல் ஓர் அட்டை செய்தார். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கட்டம் போட்டு எண் கொடுத்த அட்டை. அதைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு புகைபோக்கியைப் பார்த்து, புகை எந்த எண்ணுக்குப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறையில் நாங்களும் அதைக் கையில் பிடித்துப் பார்த்தோம். நெருப்பில்லாமல் புகையாது என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் அந்த அட்டையைப் பிடித்துப் படித்த பாடம், நல்ல நெருப்பு புகையாது என்பது. புகை என்றால் எரியாமல் தப்பிய எரிபொருள். அது உங்கள் காசு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

அரிசி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதன் பக்குவம் தெரியாமல் வடித்தால் சோறு குழைந்துபோகும். எரிபொருளுக்கும் அந்தப் பக்குவம் உண்டு. மரத்துக்கு ஒன்று, கரிக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று.

இப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தில் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் நெருப்பு செலவாகும். காய்ந்த விறகு கிலோவுக்கு 18 மெகாஜூல் வரை தரும், பச்சை விறகு அதில் பாதிகூடத் தராது. விறகில் நாம் பார்க்கும் தழல், கட்டை எரிவதால் வருவதல்ல. சூட்டில் கட்டையிலிருந்து கிளம்பும் வாயு எரிவதால் வருவது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு அப்படி வாயுவாகத்தான் வெளியேறும். அந்த வாயு முழுதும் எரியும்முன் குளிர்ந்துவிட்டால் அதுதான் கண்ணைக் கரிக்கும் புகை. ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த நம் பாட்டிமார்களின் இருமலுக்கு இதுதான் காரணம். விறகை ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரைக்கடியில் காய வைத்த வீட்டில் அந்த இருமல் குறைவாக இருந்தது.

அந்த வாயுவையெல்லாம் முன்கூட்டியே விரட்டிவிட்டு, கரிமத்தை மட்டும் மிச்சம் வைத்தால் அது அடுப்புக்கரி. கிலோவுக்கு 30 மெகாஜூல் அளவுக்குத் தரும். தழல் குறைவு, அனல் அதிகம். பினாங்கில் கரியடுப்பில் கோய் தியாவ் பிரட்டுகிறவர் விசிறியை வைத்தே நெருப்பை ஏற்றி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று கூடினால் கரி உடனே சிவக்கும், விசிறியை நிறுத்தினால் அடங்கும். யார்க் ரோடு பக்கத்துத் தோபி காட்டில் நம் சலவைத் தொழிலாளர்கள் இஸ்திரிப் பெட்டிக்குள் சிரட்டைக்கரி போட்டதும் காரணத்தோடுதான். சிரட்டைக்கரி கெட்டி, நெடுநேரம் நிற்கும், வெள்ளைத் துணியில் கறை விழுமளவுக்குப் புகைக்காது.

மண்ணெண்ணெய்யின் கதை வேறு. 1892இல் மியூரெக்ஸ் என்ற கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெய்யைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அதுவரை மரப்பெட்டிக்கு இரண்டு டின் என்று அடைத்துத்தான் வரும். அந்தக் காலி டின்களைத் தோட்டத்து லயங்களில் தண்ணீர் தூக்கவும், கூரை ஓட்டையை அடைக்கவும், அரிசி வைக்கவும் பயன்படுத்தாத வீடே கிடையாது. அதே 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் பம்பு அடுப்பைச் செய்தார். திரி போட்ட அடுப்பில் மஞ்சளாய் எரிந்து பானையின் அடியைக் கரியாக்கிய அதே எண்ணெய், பம்பு அடித்து ஆவியாக்கிக் காற்றோடு கலந்ததும் நீலமாய் எரிந்தது. எண்ணெய் மாறவில்லை. எரிக்கும் முறைதான் மாறியது. என் வாதம் முழுவதும் அந்த நீலத் தழலுக்குள் இருக்கிறது.

தொழிற்சாலைக் கறுப்பு எண்ணெய் இன்னும் பிடிவாதமானது. குளிர்ந்திருந்தால் தார் மாதிரி நகராது. ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாக்கி, நுண்துளிகளாகத் தெளித்தால்தான் எரியும். துளி பெரிதானால் உள்ளே எரியாமல் சுவரில் படிந்து கட்டியாகும். ஒரு தொழிற்சாலையில், என் இளம் வயதில், சூடேற்றியைப் பழுதுபார்க்கக் காசில்லை என்று சொல்லி அப்படியே ஓட்டச் சொன்னார்கள். அந்த மாதம் அவர்கள் எண்ணெய்க்கு அதிகமாகக் கொடுத்த காசில் புதுச் சூடேற்றியே வாங்கியிருக்கலாம்.

வாயு எரிக்க எளிது, அசட்டையாக இருந்தால் ஆபத்தும் அதில்தான் அதிகம். நம் வீட்டுக் கேஸ் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையில் பரவும், சாக்கடைப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்குச் சொந்த மணம் கிடையாது. நம் மூக்குக்குத் தெரியவேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர் எதிர், காற்றைவிட லேசானது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் வாயுவின் பலத்தை விளக்கத் தேவையில்லை. அந்தப் பலத்தில் ஒரு சிறு துண்டுதான் நம் அடுப்படியில் தினமும் நிற்கிறது.

புகை வேண்டிய இடமும் உண்டு

புகை என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பால்மரத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பால் உறைந்து தகடான பிறகு, அதை மூங்கிலில் தொங்கவிட்டு, பால்மரக் கட்டையை வேண்டுமென்றே அரைகுறையாக எரித்துப் புகை போடுவார்கள். 50, 60 டிகிரிச் சூட்டில் பல நாள். அந்தப் புகையில் இருக்கும் சரக்குதான் ரப்பரில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தது. அந்தத் தகடுகள்தான் பினாங்குத் துறைமுகம் வழியாக உலகத்துக்குப் போயின. அங்கே தழல் கொழுந்துவிட்டால் தகடு கெட்டது, புகைக்கூடமே எரிந்தது. சூட்டைத் தொட்டுப் பார்த்தே கட்டையைத் தள்ளியும் இழுத்தும் வைத்த நம் ஆட்களுக்கு எந்தச் சான்றிதழும் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது எரிதலை ஆளும் வேலை. எந்த வேலைக்கு எந்த நெருப்பு என்று அறிந்த வேலை.

இந்த மலாக்கா நீரிணைப் பக்கம் நம்மவர்கள் வந்த கதையிலும் எரியும் பொருளுக்கு இடம் உண்டு. சுமத்திராவின் பாரூஸ் கரையில், லோபு துவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. பாரூஸ் அன்று கற்பூரத்துக்குப் பெயர்போன துறை. பின்னால் நீராவி யுகத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்கள் நம்மைச் சுமந்து வந்தன. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பினாங்குத் துறைக்கு வந்துபோனது. கப்பலின் அடியில் நீராவி, மேல்தளத்தில் நாம். வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் ஈய உலைக்கும் ரயில் என்ஜினுக்கும் பாய்லருக்கும் முன்னால்தான் போய் நின்றார்கள்.

ஒரு காடும் ஒரு சுரங்கமும்

நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன: ஒன்று பக்கத்துப் பேராக்கில், மற்றொன்று சிலாங்கூரில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சிலாங்கூரில் பத்து ஆராங். 1915இல் நிலக்கரி தோண்டத் தொடங்கினார்கள். ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் அங்கிருந்துதான் கரி போனது. நம் ஆட்களும் சீனத் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள். 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். விலை குறைந்த எண்ணெய் வந்ததும் அந்த நிலக்கரியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. 45 ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது.

பேராக்கில் மாத்தாங். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் அலையாத்திக் காடு. ஈயம் உருக்கக் கரி வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் லாருட் பக்கத்துக் காடுகள் வெட்டி விழுந்ததைப் பார்த்த பிறகு, 1900களின் தொடக்கத்தில் இந்தக் காட்டை ஒதுக்கி, கணக்குப் போட்டு வெட்டத் தொடங்கினார்கள். 30 ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு பகுதியை முழுதாக வெட்டலாம். இடையில் இரண்டு தடவை களையெடுக்கும் வெட்டு. வெட்டிய இடத்தில் தானாக முளைக்காவிட்டால் நட்டாக வேண்டும். நூறு ஆண்டுக்கு மேலாக வெட்டுகிறார்கள், இன்னும் காடாகவே நிற்கிறது.

அந்தக் காட்டை ஒட்டிய கோலா செபெத்தாங்கில் 1930 முதல் கரிச்சூளை ஓடுகிறது. போய்ப் பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். செங்கல்லில் கட்டிய பெரிய குவிந்த சூளை. பட்டை உரித்த பக்காவ் என்ற அலையாத்தி மரக் கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்குகிறார்கள். 40 டன் கட்டை ஏற்றினால் கிடைப்பது பத்து டன் கரி. நெருப்பைச் சூளைக்குள் வைப்பதில்லை, வாயிலில் வைக்கிறார்கள். உள்ளே போவது சூடு மட்டும். முதலில் கட்டையின் தண்ணீர் போக வேண்டும், பிறகு வாயு போக வேண்டும், பிறகு எல்லா ஓட்டையையும் மண்ணால் அடைத்து ஆறவிட வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம். எப்போது எந்தக் கட்டம் என்பதைச் சூளைக்காரர் ஓட்டை வழியாக வரும் ஆவியின் மணத்தை வைத்துச் சொல்கிறார். அரை நாள் முந்தினால் கட்டை வேகாது, காற்று உள்ளே போனால் முழுதும் சாம்பல். எனக்குப் பாய்லரில் அளவுமானி இருந்தது, அவருக்கு மூக்குத்தான். அந்த மூக்கு ஒரு தேசியச் சொத்து என்று நான் நம்புகிறேன்.

சுரங்கத்துக்கும் காட்டுக்கும் வித்தியாசம் எரிபொருளின் தரத்தில் இல்லை. எவ்வளவு எடுக்கலாம், எப்படி எரிக்கலாம் என்று தெரிந்து நடந்ததில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அதற்குப் பிறகுதான் அலையாத்தி மரத்தின் அருமையை நாம் ஊரறியப் பேசத் தொடங்கினோம். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் அதற்கு முன்பிருந்தே கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எரிபொருளாகவும் அரணாகவும் ஒரே காடு இருக்க முடியும் என்றால், அதைக் காக்கும் அறிவுக்கு நாம் மரியாதை செய்ய வேண்டாமா?

பழமைப் பாசம் இல்லை

கரியடுப்புக்கும் விறகடுப்புக்கும் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் விறகும் சாணமும் கரியும் எரிவதால் வரும் புகையினால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் புகையின் பாதிப்பைப் பெரிதும் சுமப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். இந்தியாவில் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கேஸ் இணைப்பைக் கொடுத்ததை நான் மனமார வரவேற்றவன். என் அம்மாவுக்கு அப்படி ஒரு தோம்பு இளம் வயதிலேயே கிடைத்திருந்தால் அவருடைய கடைசிக் காலத்து மூச்சுத்திணறல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் மின்சாரமாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் 1904இலேயே வந்துவிட்டது, 1906இல் மின்டிராம் ஓடியது. மின்சாரம் நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் எரித்துத்தான் வருகிறது. பிறையில் இயற்கை எரிவாயுவும், பேராக்கின் மஞ்சோங்கில் கப்பலில் இறக்குமதியாகும் நிலக்கரியும் எரிகின்றன. அங்கே எரிவது ஆயிரம் சில்லறை அடுப்புகளில் எரிவதைவிட மேல், ஏனென்றால் அங்கே எரிக்கத் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள், அளவுமானி இருக்கிறது, புகையின் தூசியைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. அதாவது மின்சாரத்தின் மேன்மைக்கும் காரணம் எரிக்கும் திறமைதான். சூரிய ஒளியும் காற்றும் முழுமையாகக் கைகொடுக்கும் நாள் வரும்வரை, ஏதோ ஓர் இடத்தில் யாரோ ஒருவர் எரித்துக்கொண்டுதான் இருப்பார்.

எரிக்கத் தெரியாமல் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தொலைவில் சாட்சி தேட வேண்டாம். 2022 ஜனவரியில் நிபோங் தெபால் பக்கத்துப் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்தது. மேலே தண்ணீர் அடித்தார்கள், உள்ளே நாள்கணக்கில் புகைந்தது. குப்பைக்குள் காற்றும் குறைவு, சூடும் குறைவு. அப்படி அரைகுறையாகக் கனலும் பிளாஸ்டிக்கிலிருந்து வருவது நச்சு. பக்கத்துக் குடியிருப்பு மக்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுமத்திராவின் கரிச்சதுப்பு நிலம் எரியும் ஆண்டுகளில் வரும் புகைமூட்டமும் இதே கதைதான். மண்ணுக்கடியில் தழலில்லாமல் கனலும் நெருப்பு. 2015இலும் 2019இலும் அதற்காக நாம் பள்ளிக்கூடங்களையே மூடினோம். அடுத்த நாட்டை அப்போது திட்டினோம். அதே வாரம் நம் கம்பத்தில் வாழை மட்டையையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்துக் குவித்துப் பற்றவைத்ததை யாரும் கேட்கவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. ஆனால் ஏன் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரணம் தெரியாத தடையை மக்கள் மதிக்க மாட்டார்கள்.

நான் கேட்பது

பாய்லர் ஓட்ட வேண்டும் என்றால் சட்டப்படி பரீட்சை எழுதி ஸ்டீம் என்ஜின் டிரைவர் சான்றிதழ் வாங்க வேண்டும். அது சரி, ஏனென்றால் பாய்லர் வெடித்தால் உயிர் போகும். அதே தெருவில், மூன்று கேஸ் தோம்பை வரிசையாக வைத்து, வெயிலில் வெடித்துப்போன ரப்பர் குழாயோடு கடை நடத்துகிறவரிடம் நெருப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. உணவுக்கடை வைப்பவர் டைபாய்டு ஊசி போட வேண்டும், உணவு கையாளும் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நல்ல விதி. அந்தப் பயிற்சியோடு நெருப்புக்கென்று ஒரு மணிநேரம் சேர்க்க வேண்டும் என்று பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையும் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் கேட்கிறேன். தழல் மஞ்சளாய் எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று பொருள். கசிவைச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்க வேண்டும், தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. கேஸ் மணம் வந்தால் விளக்குப் பொத்தானைத் தொடாமல் கதவைத் திறக்க வேண்டும். கரியடுப்பு இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். இதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் சொல்லிக்கொடுக்க ஒரு மணிநேரம் தாராளம். பெரிய விபத்து நடந்த பிறகு அமைக்கப்படும் விசாரணைக் குழுவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒன்றுகூட ஆகாது.

இரண்டாவது, மானியம். அரசு எரிபொருளுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறது. கொடுக்கட்டும், ஏழைக்கு அது தேவை. ஆனால் அதில் ஒரு சிறு பங்கைக் கருவிக்கு ஒதுக்க வேண்டும். அங்காடி வியாபாரிக்கு நல்ல பர்னரும் புதுக் குழாயும் ரெகுலேட்டரும் பாதி விலையில், ஆண்டுக்கு ஒருமுறை இலவசச் சோதனை. சிறு தொழிற்சாலைகளுக்குப் புகைபோக்கி அளவெடுத்துச் சொல்லும் சேவை. மானிய விலையில் தோம்பைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பங்கை மஞ்சள் தழலாகவும் கரித்தூளாகவும் போகவிடுவது மக்கள் பணத்தை எரிப்பது.

மூன்றாவது, பள்ளிக்கூடம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அறிவியல் பாடத்தில் எரிதலுக்கு உயிர்க்காற்று வேண்டும் என்று ஒரு வரி வரும், மெழுகுவர்த்திமேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பார்கள், அதோடு சரி. அந்தக் குவளையிலிருந்து வீட்டு அடுப்புக்கும், அங்கிருந்து பிறைப் புகைபோக்கிக்கும், அங்கிருந்து மாத்தாங் சூளைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். ஓய்வுபெற்ற பாய்லர்மேன்களும் தீயணைப்பாளர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், கூலி வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கு முன்கை எடுத்தால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நான்காவது, சூளைக்காரர்கள். மாத்தாங் கரியைச் சுற்றுலாப் பொருளாக மட்டும் பார்க்காமல், அந்தத் தொழிலறிவைப் பதிவு செய்து, பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உரியதாக ஆக்க வேண்டும். பினாங்கு தன் கரியடுப்புச் சமையலைப் பெருமையாகச் சொல்லி ஊரையே கூப்பிடுகிறது. அந்தப் பெருமையின் வேர் பேராக்கின் சேற்றில் இருக்கிறது. அதில் நமக்கும் கடமை உண்டு.

எண்ணெய் விலை நாளைக்கு ஏறலாம், மறுநாள் இறங்கலாம். உலகச் சந்தையை நாம் ஆட்டிவைக்க முடியாது. ஆனால் 33க்கும் 9க்கும் இடையில் இருக்கும் அந்தத் தூரம் நம் கையில் இருக்கிறது. ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டம் பேசப்படும்போது, நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எண்ணெய் எத்தனை சென் குறையும் என்று மட்டும் கேட்காதீர்கள். எரிக்கக் கற்றுக்கொடுக்க எத்தனை ரிங்கிட் ஒதுக்கினீர்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை கேளுங்கள்.